விதைக் காடும் குளோன் காடும்

ஒரே தாய்ச்செடியின் துண்டுகளிலிருந்து வளர்த்த குளோன் தேயிலையைச் 'சுத்த ரகம்' என்று சொல்கிறவர்கள் ஏராளம். தோட்டத்துக்குப் புதிதாக வரும் சின்ன துரை சொல்வார். விவசாயக் கல்லூரியிலிருந்து பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் சொல்வார்கள். பொன்முடிக்குப் போகிற வழியில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிறவர்களும் அந்தக் குளோன் காட்டின் முன்னால்தான் நிற்பார்கள். கத்தரித்து வைத்தது போல ஒரே உயரம், ஒரே பச்சை, ஒரே இலை. பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் நர்சரியிலேயே காலம் கழித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: அந்த மலையில் நாங்கள் வைத்திருந்த தேயிலைச் செடிகளில் மரபணுக் கணக்கில் சுத்தம் என்று சொல்லத் தக்கது ஒன்றுகூடக் கிடையாது. விதைக் காட்டிலும் இல்லை, குளோன் காட்டிலும் இல்லை.

நான் நாஞ்சில் நாட்டுக்காரன். நெல்லைப் பார்த்து வளர்ந்தவன். நெடுமங்காடு, விதுரா, கல்லாறு தாண்டி 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் பொன்முடிப் பக்கத்துத் தோட்டமொன்றில் நர்சரி பார்க்கப் போனபோது எனக்குத் தெரிந்த விவசாயமெல்லாம் வயல் விவசாயம்தான். லயங்களில் இருந்தவர்களில் பாதிப்பேர் திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து தாத்தா காலத்திலேயே ஏறி வந்தவர்கள். அதனால் பேச்சுக்குக் குறைவில்லை. தேயிலைதான் புரியவில்லை.

முதலில் என்னைக் குழப்பியது பழைய விதைக் காடு. இலைத்துரு நோயில் காப்பி போன பிறகு அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் விதை போட்டு உண்டாக்கியது. கவ்வாத்து வெட்டிச் சில வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால் தெரியும். ஒரு செடி முந்திக்கொண்டு சாண் உயரத்துக்குத் துளிர்த்து நிற்கும். ஒட்டி நிற்கும் அடுத்த செடியில் அப்போதுதான் கணு வீங்கியிருக்கும். ஒன்றின் இலை உள்ளங்கை அகலத்தில் வெளிர்பச்சையாகத் தொங்கும். அது அஸ்ஸாம் ஜாதி. இன்னொன்று விரல் அளவு இலையோடு கரும்பச்சையாக நிமிர்ந்து நிற்கும். அது சீன ஜாதி. மற்றவை எல்லாம் இரண்டுக்கும் நடுவே எங்கெங்கோ. சிலவற்றின் இளங்கொழுந்தில் செம்மை ஓடும். சிலவற்றின் அரும்பைத் திருப்பிப் பார்த்தால் வெள்ளி போலப் பூனைமயிர். சில மொட்டையாக வழவழவென்று இருக்கும். ஒரே மண், ஒரே மழை, ஒரே உரம், ஒரே நாளில் வெட்டிய கவ்வாத்து. பிறகு ஏன் இப்படி?

கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் இதை என்னைவிட நன்றாக அறிந்தவர். "விதைக் காட்டுல போட்டீங்கன்னா எடையே வராது ஐயா. ஒண்ணு முத்திக் கெடக்கும், ஒண்ணு பஞ்சி விட்டுக் கெடக்கும், ஒண்ணு இப்பத்தான் கண்ணு முழிச்சிருக்கும். பாதி நேரம் தேடுறதுலேயே போயிருது" என்பார். பஞ்சி என்றால் வளர்ச்சி நின்றுபோன கொழுந்து. கிலோவுக்குக் காசு கிடைக்கிற வேலையில் இது சின்ன விஷயம் இல்லை. குளோன் காட்டில் கை வைத்த இடமெல்லாம் இரண்டு இலையும் ஒரு அரும்பும் ஒரே நேரத்தில் தயாராக நிற்கும். ஆலைக்கும் அதுதான் வசதி. ஒரே பதத்தில் வாடும், ஒரே பதத்தில் புளிக்கும்.

காரணம் பூவில் இருக்கிறது. தேயிலைப் பூவைப் பலர் பார்த்திருக்க மாட்டார்கள், பறித்துக்கொண்டே இருக்கிற செடியில் பூ அதிகம் வராது. விதைக்கென்று வெட்டாமல் விட்ட மரங்களில் குளிர்காலத்தில் பூக்கும். வெள்ளை இதழ், நடுவே கொத்தாக மஞ்சள் மகரந்தம். பார்த்தால் ஆணும் பெண்ணும் ஒரே பூவில் இருக்கிறதே, தானே காய்த்துக்கொள்ளும் என்று நினைப்போம். காய்க்காது. தன் மகரந்தம் தன் சூல்முடியில் விழுந்தால் குழாய் முளைத்து உள்ளே சூலகம் வரைக்கும்கூடப் போகும், ஆனால் கரு தங்காது. மொட்டிலேயே பை கட்டி மூடி, அதே செடியின் மகரந்தத்தைத் தூரிகையால் தொட்டு வைத்துப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லாமே உதிர்ந்தன. பக்கத்துச் செடியின் மகரந்தத்தைத் தொட்டு வைத்தவை காய் பிடித்தன. பூத்ததிலிருந்து விதை முற்ற ஏறத்தாழ ஒரு வருஷம் ஆகும் என்பதால் இந்த மாதிரி சோதனைக்குப் பொறுமை வேண்டும்.

அடுத்த செடியின் மகரந்தம் இல்லாமல் விதையே இல்லை என்றால், ஒவ்வொரு விதையும் கலப்புத்தான். ஒவ்வொரு மரபணுவும் செடியில் இரண்டு பிரதியாக இருக்கிறது, தாய்வழி ஒன்று, தகப்பன்வழி ஒன்று. இரண்டும் ஒன்றாகவே இருந்தால் அந்தக் குணத்தில் அது ஹோமோசைகஸ். இரண்டும் வேறாக இருந்தால் ஹெட்டிரோசைகஸ். தலைமுறை தலைமுறையாக வேற்றுச் செடியோடு மட்டுமே சேர்ந்து வந்த தேயிலையில் இரண்டாவது வகைதான் மிகுதி. தேயிலைக்கு 15 ஜோடி குரோமோசோம். சூல்முட்டையோ மகரந்தமோ உண்டாகும்போது ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் ஒன்று போகும். எது போகும் என்பது குருட்டுவாக்கு. அப்படிப் பார்த்தால் ஒரு செடி 32,768 விதமான மகரந்தம் உண்டாக்கலாம். தாய்ப்பக்கமும் அவ்வளவு. பெருக்கினால் 107 கோடியைத் தாண்டும். குரோமோசோம்கள் தங்களுக்குள் துண்டு மாற்றிக்கொள்வதை இதில் சேர்க்கவே இல்லை. விதைக் காட்டில் ஒன்றுபோல் ஒன்று இல்லாததில் என்ன ஆச்சரியம்? இருந்தால்தான் ஆச்சரியம்.

நெல்லில் இந்தத் தலைவலி கிடையாது. எங்கள் ஊரில் அம்பை 16 போட்டவர் அதே வயலில் விதை எடுத்து வைத்து அடுத்த பருவத்துக்குப் போட்டால் அதே அம்பை 16 வரும். நெல் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தையே ஏற்றுக்கொள்ளும். அப்படித் தனக்குத்தானே சேரும் ஒவ்வொரு தலைமுறையிலும் கலப்பாக இருந்தவற்றில் பாதி கலப்பு நீங்கும். நூறு என்று வைத்தால் ஐம்பது, இருபத்தைந்து, பன்னிரண்டரை என்று இறங்கி ஏழாம் தலைமுறையில் ஒன்றுக்கும் கீழே போய்விடும். ரகம் வெளியிடுவதற்கு முன்னால் ஆராய்ச்சி நிலையத்தில் பல பருவம் வைத்திருப்பதில் பெரும்பகுதி இதற்குத்தான். சுத்த ரகம் என்று வாயாரச் சொல்லலாம் என்றால் அதைச் சொல்லலாம். அதே ஊரில் ஒருவர் ஒட்டு நெல் விதை வாங்கிப் போட்டு, அமோகமாக விளைந்ததைப் பார்த்து அதிலேயே விதை எடுத்து வைத்தார். அடுத்த பருவம் வயலில் நெட்டையும் குட்டையுமாகக் கதிர் வந்தது, சிலது முன்னால் பழுத்துக் கொட்டியது. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சண்டைக்குப் போனார். கடைக்காரன் மேல் குற்றமே இல்லை. முதல் பருவத்தில் அந்த வயல் முழுக்க ஒரே மாதிரி நின்ற செடிகள் அத்தனையும் ஹெட்டிரோசைகஸ். அவற்றின் பிள்ளைகள்தான் பிரிந்து போயின.

இதைக் கண்டுபிடித்துக் கணக்குப் போட்டவர் பாதிரியார் கிரிகோர் மெண்டல். பட்டாணியில் உருண்டை விதையையும் சுருங்கிய விதையையும் கலந்து 1865-ல் புருனோ நகரத்து இயற்கை ஆய்வுச் சங்கத்தில் படித்தார், மறு வருஷம் அச்சில் வந்தது, 1900 வரைக்கும் யாரும் பெரிதாகச் சட்டை செய்யவில்லை. பள்ளிக்கூடத்தில் 3:1 என்று மட்டும் சொல்லி விட்டுவிடுகிறார்கள். 5,474 உருண்டை, 1,850 சுருக்கம். அது எனக்கு முக்கியமாகப் படவில்லை. அதற்கு அடுத்து அவர் செய்ததுதான் நர்சரிக்காரனுக்கு வேண்டியது. அந்த உருண்டை விதைகளிலிருந்து 565 செடி வளர்த்து ஒவ்வொன்றையும் தனக்குத்தானே காய்க்கவிட்டார். 193 செடி உருண்டை மட்டுமே கொடுத்தது. 372 செடி உருண்டையும் சுருக்கமும் சேர்த்துக் கொடுத்தது. அதாவது வெளியே ஒரே உருண்டையாக இருந்தவற்றில் மூன்றில் இரண்டு பங்கு உள்ளே கலப்பு. விதையை எத்தனை நேரம் கையில் உருட்டிப் பார்த்தாலும் எது எந்தக் கூட்டம் என்று தெரியாது. பிள்ளைகளைப் பார்த்தால்தான் தெரியும்.

நானும் அதைத்தான் செய்து காட்டினேன். குளோன் காட்டு ஓரத்தில் பறிக்காமல் வளர்ந்துவிட்ட செடிகளில் காய் பிடித்திருந்தது. எல்லாம் ஒரே குளோன், அதாவது ஒரே தாய்ச்செடியின் பிரதிகள்; மகரந்தம் மட்டும் வேறு செடியிலிருந்து வந்திருக்கும். அந்த விதையை எடுத்துத் தண்ணீரில் போட்டு, மிதந்ததைக் கழித்து, மூழ்கியதை மணலில் முளைக்க வைத்தேன். தேயிலை விதையை நெல் போலப் பத்தாயத்தில் வைக்க முடியாது, காய்ந்தால் செத்துவிடும். முளைத்துக் கன்றானதும் தனிப் பாத்தியில் வைத்தேன். பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் குளோனைச் சுத்த ரகம் என்றால் நேராக அந்தப் பாத்திக்குக் கூட்டிப் போவேன். ஒரு கன்று அகன்ற இலை, ஒன்று குறுகிய இலை, ஒன்று சோகை பிடித்தது போல மஞ்சள், ஒன்று மற்றதைவிட இரண்டு மடங்கு உயரம். "இதெல்லாம் ஒரே தாய்க்குப் பிறந்தது, அந்தத் தாய்தான் நீங்க பார்த்த காடு பூரா" என்பேன். விளக்கம் அப்புறம் தேவைப்படாது. ஜெராக்ஸ் எடுத்த தாள்கள் ஒன்றுபோல் இருப்பதால் மூலத்தில் கலந்து கிடக்கிற எழுத்து பிரிந்து சுத்தமாகிவிடுமா என்ன!

ஒருமுறை இந்தப் பேச்சைப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த வயதான கங்காணி, "அண்ணாச்சி, அப்பம் செடி தன் ரத்தத்துல கட்டாதுன்னு சொல்லுதிய. நம்ம ஆளுக அக்கா மகளக் கட்டுதானே, அது என்ன கணக்கு?" என்றார். கணக்கு இருக்கிறது. தாய்மாமன் அக்கா மகளைக் கட்டினால் பிறக்கும் பிள்ளைக்கு, எந்த ஒரு மரபணுவை எடுத்தாலும், இரண்டு பிரதியும் ஒரே மூதாதையிடமிருந்து வந்து சேர எட்டில் ஒரு வாய்ப்பு. மாமன் மகள், அத்தை மகள் என்றால் பதினாறில் ஒன்று. ஒற்றைப் பிரதியாக இருக்கும்வரை தொந்தரவு செய்யாத ஒரு குறை, இரண்டும் சேரும்போது வெளியே வரும். அவ்வளவுதான் சொன்னேன். அவர் அந்த மாதிரிக் கல்யாணம் செய்தவர் என்று பிறகுதான் தெரிந்தது. பிள்ளைகள் நன்றாகவே இருந்தார்கள். வாய்ப்பு என்றால் வாய்ப்புத்தானே, விதி இல்லையே.

குளோன் எடுக்கும் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தாய்ச்செடியை நான்கைந்து மாதம் முன்பே வெட்டிவிட்டு, நீளமாகக் கிளை வளரவிடுவோம். வெயில் ஏறுவதற்கு முன்னால் அறுத்து, ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டு வர வேண்டும். நுனி பிஞ்சு, அடி முற்றல், இரண்டையும் கழித்து நடுப்பகுதி. ஒரு இலை, ஒரு கணு, கீழே ஒன்றரை அங்குலத் தண்டு, இதுதான் ஒரு துண்டு. மேல் வெட்டு இலையின் சாய்வுக்கு ஒத்த சாய்வாக, மொட்டுக்குச் சற்று மேலே விழ வேண்டும். மொட்டு கீறினால் துண்டு வீண். கத்தி மழுங்கினால் தண்டு நசுங்கி அழுகும். இதில் கை தேர்ந்த பெண்கள் பேசிக்கொண்டே வெட்டுவார்கள், ஒன்றுகூடப் பிசகாது. பிளாஸ்டிக் பையில் கீழே காட்டு மண், மேலே துண்டு நிற்கிற மூன்று அங்குலத்துக்கு அடிமண்ணும் மணலும். மண்ணின் கார அமில நிலை (pH) 4.5-லிருந்து 4.8-க்குள் இருக்க வேண்டும். ஏறினால் தண்டின் அடியில் தழும்பு மட்டும் பெருத்துப் பந்து போல நிற்கும், வேர் இறங்காது. பாலித்தீன் கூடாரத்துக்குள் மூன்று மாதம். வேர் பிடித்த பிறகு மெல்ல மெல்லத் திறந்து வெயில் காட்ட வேண்டும். பொன்முடி மாதிரி மழையும் மூடுபனியுமான இடத்தில் கூடாரத்துக்குள் பூஞ்சை பிடிக்காமல் பார்ப்பதே பாதி வேலை.

இதில் ஆணும் பெண்ணும் சேரவே இல்லை. அதனால் தாய்ச்செடியின் கலப்பு முழுவதும், ஒரு எழுத்து மாறாமல், துண்டுக்குள் வந்துவிடுகிறது. ஹெட்டிரோசைகஸாக இருப்பதால் அந்தத் தாய்க்கு வந்த வீரியம், நறுமணம், கொழுந்தின் எடை எல்லாமும் அப்படியே வரும். விதையாக்கினால் எல்லாம் கலைந்து போகும். தேயிலையில் நாங்கள் சுத்தம் செய்து வைக்கவில்லை, ஒரு நல்ல கலப்பைக் கலையாமல் பிடித்து வைத்திருக்கிறோம். வால்பாறை உபாசி தேயிலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட உபாசி 3, உபாசி 9, உபாசி 17 எல்லாம், இலங்கை தலவாக்கலையிலிருந்து வந்து புகழ்பெற்ற டி.ஆர்.ஐ. 2025-உம் இந்த வகைதான்.

இதற்கு ஒரு விலை உண்டு. 1946-ல் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் கொப்புள நோய் வந்து இறங்கியது. மழைக்காலத்தில் இளம் இலையில் கண்ணாடி போலப் புள்ளி விழுந்து, அடிப்பக்கம் வெள்ளையாகப் பொங்கும். விதைக் காட்டில் அது புகுந்தால் ஒரு செடி மொத்தமாகக் கருகும், பக்கத்துச் செடி கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், இன்னொன்று லேசாகப் புள்ளி விழுந்து தப்பும். காடு முழுவதும் ஒரே நாளில் போகாது. நோய்க்கு இளகின குளோன் என்றால் எல்லாம் சேர்ந்து விழும். மருந்தடிக்கும் ஆள் ஒரு வாரம் தாமதித்தால் அந்தச் சரிவையே கழுவிவிட வேண்டியதுதான். கோடையிலும் இதே கதை. விதைச் செடிக்கு ஆணிவேர் ஆழமாகப் போகும். துண்டிலிருந்து வந்த செடிக்கு ஆணிவேர் கிடையாது, பக்கவேர்தான். மார்ச் மாதக் காய்ச்சலில் சில குளோன்கள் இலை தொங்கி நிற்கும்போது மேலே பழைய விதைக் காடு பச்சையாகவே இருக்கும். வறட்சி தாங்கும் என்று உபாசி 9-க்குப் பெயர், அதையும் எல்லாச் சரிவிலும் நட்டுவிட முடியாது, கோப்பையில் வேறு குளோன்களின் மணம் வராது. நான் பொறுப்பில் இருந்தவரை ஒரு வயலுக்கு ஒரே குளோன் என்று நடவிடவில்லை. மேலிடத்தில் அதற்கு முகம் சுளித்தவர்கள் உண்டு. பறிப்புச் சுற்று குழம்பும் என்பது அவர்கள் வாதம், அதிலும் நியாயம் இருந்தது.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழியும் இருக்கிறது. தெரிந்தெடுத்த இரண்டு குளோன்களை மட்டும் ஒன்றுவிட்டு ஒன்றாக நட்டு, வேறு தேயிலை அண்டாத இடத்தில் விதைத் தோப்பாக வளர்ப்பது. தன் மகரந்தம் சேராது, அந்நிய மகரந்தம் வராது, ஆகவே ஒவ்வொரு விதைக்கும் இன்ன தாய், இன்ன தகப்பன் என்று தெரியும். கன்றுகள் வேறுபடத்தான் செய்யும், இரண்டு பெற்றோரும் கலப்பாயிற்றே. ஆனால் பழைய விதைக் காட்டு அளவுக்குச் சிதறாது, ஆணிவேரும் கிடைக்கும். உபாசியில் இப்படி விதை வரிசையே வெளியிட்டிருக்கிறார்கள். குளோனை வைத்து மயங்குகிற பலருக்கு இது தெரிவதில்லை.

மரபணுக் கலப்பைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் மலையிறங்கித் தென்னை நர்சரிக்குப் போக வேண்டும். தோட்ட வேலை விட்டபிறகு நெடுமங்காட்டுப் பக்கம் உறவினர் ஒருவரின் தென்னை நாற்றங்காலில் கொஞ்ச காலம் கூடமாட நின்றேன். சௌகாட் ஆரஞ்சு குட்டை, நம்மூர் செவ்விளநீர், ஒரே பாளையில் ஆண் பூவும் பெண் பூவும் ஒன்றாகத் தயாராவதால் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும். நெட்டைத் தென்னையில் ஆண் பூ முடிந்த பிறகுதான் பெண் பூ ஏற்கும் பருவம் வரும், ஆகவே அது பிறர் மகரந்தத்துக்குக் காத்திருக்கும். குட்டையின் ஆண் பூக்களை வெட்டி எடுத்துவிட்டுப் பச்சை நெட்டையின் மகரந்தத்தைப் போட்டால் கலப்பினக் காய் கிடைக்கும். இந்த நெட்டை குட்டைக் கலப்பை 1932-ல் நீலேஸ்வரத்தில் ஜே.எஸ். பட்டேல் முதன்முதலில் செய்து பார்த்தார். அன்று அந்த ஊர் சென்னை மாகாணத்தில் இருந்தது. 

நாற்றங்காலில் கன்று முளைத்ததும் மட்டையின் அடியைப் பார்ப்போம். ஆரஞ்சாக இருந்தால் தாய் தன் மகரந்தத்திலேயே காய்த்துவிட்டது, இரண்டு பிரதியும் தாயினுடையதே, எடுத்து அப்புறம் போட வேண்டியது. பழுப்பாக இருந்தால் பச்சை நெட்டை உள்ளே வந்திருக்கிறது, அதுதான் விற்பனைக்கு. நிறத்தை ஒன்றுக்கு மேற்பட்ட மரபணுக்கள் ஆட்டுகின்றன, அதனால்தான் ஆரஞ்சும் பச்சையும் சேர்ந்து பழுப்பு. விலை குறைவு என்று காட்டி ஆரஞ்சு மட்டைக் கன்றைக் கலப்பினம் என்று சொல்லித் தலையில் கட்டுகிறவர்களும் சந்தையில் உண்டு. மட்டையைப் பார்த்து வாங்குங்கள்.

பொன்முடித் தோட்டத்தில் கடைசியாக நான் செய்த வேலை, பழைய விதைக் காட்டைப் பிடுங்கி மறுநடவு செய்யலாம் என்று முடிவானபோது, பிடுங்குவதற்கு முன்னால் செடி பொறுக்கியது. பழைய குளோன்களில் பலவும் இப்படி ஏதோ ஒரு விதைக் காட்டில் யாரோ கண் வைத்துத் தேர்ந்த ஒற்றைச் செடிதானே. அந்த அக்காவையும் கங்காணியையும் கூட்டிக்கொண்டு சரிவு சரிவாக நடந்தேன். கவ்வாத்துக்குப் பிறகு முந்தித் துளிர்த்தது, கோடையில் வாடாதது, கொப்புளம் குறைவாக விழுந்தது, அரும்பு கனமாக இருந்தது. நான் இலையைப் பார்த்தேன். அக்கா கையால் ஒடித்துப் பார்த்தார், ஒடிகிற சத்தத்திலேயே அவருக்குப் பாதி தெரிந்துவிடும். தேறியவற்றின் தண்டில் வெள்ளைப் பெயின்ட் அடித்துத் துண்டு எடுத்து நர்சரிக்குக் கொண்டுவந்தோம். பெயின்ட் அடித்தவற்றில் பாதிக்கு மேல் எத்தனை பக்குவம் பார்த்தாலும் வேரே விடவில்லை, தழும்பு கட்டி அப்படியே நின்றன. துண்டில் வேர் விடுகிற குணமும் செடிக்குச் செடி வேறுதான்.